சாதகத்துக்குக் கணக்குக் கேட்பவர்கள்

சோனி ரோலின்ஸின் 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தைப் பற்றி ஜாஸ் ரசிகர்களிடம் ஒரு தீர்ப்பு அறுபது வருஷமாக மாறாமல் கிடக்கிறது. பேரும் புகழும் கூடிவந்த நேரத்தில் ஒருவர் மேடையை உதறிவிட்டுப் போனார். நியூயார்க்கில் ஒரு பாலத்தின் மேல் நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து 1962இல் இந்த ஆல்பத்தைப் போட்டார். கேட்டுப் பார்த்தால் போன ஆளேதான் திரும்பி வந்திருக்கிறார். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஆல்பம் வந்த நாளில் விமர்சகர்கள் பலருக்கு இந்த ஏமாற்றம் இருந்தது. இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை. ரோலின்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் 'சாக்சபோன் கொலாசஸ்'ஸை உச்சியில் உட்காரவைப்பார்கள். 'தி பிரிட்ஜ்' வந்ததும் பாலத்தின் கதையை இரண்டு பத்திக்குச் சொல்லி, இசைக்கு ஒரு வரி ஒதுக்கி, 'நல்ல ஆல்பம்தான், ஆனால்...' என்று இழுப்பார்கள். அந்த 'ஆனால்' அநியாயம் என்பது என் கட்சி. அதைவிட, அந்த ஆனாலைச் சொல்ல வைப்பதே பாலத்தின் கதைதான், காதில் விழுந்த இசை அல்ல என்பதும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930இல் ஹார்லெமில் பிறந்தவர் ரோலின்ஸ். டெனர் சாக்சபோன். 1956 ஜூனில் டாமி ஃபிளானகன், டக் வாட்கின்ஸ், மேக்ஸ் ரோச் மூவரோடும் 'சாக்சபோன் கொலாசஸ்' பதிவு. அடுத்த வருஷம் பியானோவையே தூக்கிவிட்டு, பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்து 'வே அவுட் வெஸ்ட்'. வில்லேஜ் வான்கார்டில் பதிவான கச்சேரி. 1958இல் 'ஃப்ரீடம் சூட்'. முப்பது வயது ஆகும் முன்பே டெனரில் முதல் இடம் இவருக்கா, கோல்ட்ரேனுக்கா என்று ரசிகர்கள் கட்சி கட்டிப் பேசுகிற நிலை. 1959 கோடையில் மனிதர் காணாமல் போனார்.

போன இடம் இமயமலை இல்லை. மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில், கிராண்ட் தெருவில் அவர் குடியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண். பொழுதன்றைக்கும் சாக்சபோனை ஊதி அந்த அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்க மனசில்லை. நடந்து போகிறபோது வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு ஏறும் படிகள் கண்ணில் பட்டன. 1903இல் திறந்த பாலம் அது. ஈஸ்ட் ஆற்றைத் தாண்டி புரூக்ளினுக்குப் போகிறது. நடுவில் ரயில் ஓடும், இரண்டு பக்கமும் கார்கள் ஓடும், கீழே படகுகள் சங்கு ஊதும். எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் கேட்க ஆளில்லை. மழையோ வெயிலோ, சில நாள் பதினைந்து மணி நேரம்கூட வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சோப்ரானோ சாக்சபோன்காரர் ஸ்டீவ் லேசி சில நாள் கூட வந்து நின்றிருக்கிறார். 1961இல் 'மெட்ரோனோம்' பத்திரிகையில், பாலத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் மாற்றி ஒருவர் எழுதப்போய் விஷயம் கசிந்தது. அந்த நவம்பரில் ரோலின்ஸ் கிரீனிச் வில்லேஜில் ஜாஸ் கேலரி மேடைக்குத் திரும்பினார்.

இந்தக் கதையில் உண்மையில் நடந்தது என்ன? வீட்டில் சாதகம் பண்ண முடியாதவர் வெளியே இடம் தேடிக்கொண்டார். அவ்வளவுதான். பாலம் என்பது அவருக்குச் சாதகம் பண்ணுகிற அறை, வாடகை இல்லாத அறை. அதை ஞானம் தேடிய தவமாக மாற்றியது மற்றவர்கள். தவம் என்று ஆக்கிவிட்டால், தவத்துக்கு வரம் வேண்டுமே. வரம் எங்கே என்று கேட்டு, கையை விரித்துக் காட்டச் சொல்லி, கை காலி என்கிறார்கள். கதையைக் கட்டியவர்களும் அவர்கள், கதைக்குத் தகுந்த முடிவு வரவில்லை என்று கோபப்படுகிறவர்களும் அவர்கள்.

நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. அசுர சாதகம் பண்ணிவிட்டு மேடைக்கு வருகிற நாதஸ்வரக்காரரிடம் 'எந்தப் புது ராகத்தைக் கண்டுபிடித்தீர்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. அதே தோடியைத்தான் வாசிப்பார். அதற்கு முன்னால் எட்டாத இடங்களுக்கு அந்தத் தோடி எட்டுகிறதா என்றுதான் முன்வரிசை ரசிகர் காது கொடுப்பார். சாதகம் வேறு, ஆராய்ச்சி வேறு. ரோலின்ஸ் போனது முதலாவதற்கு. தன் பெயர் தன் வாசிப்பைவிடப் பெரிதாகிவிட்டது, கேட்க வருகிறவர்களுக்கு அந்தப் பெயருக்கேற்ற வாசிப்பைத் தர முடியவில்லை என்று அவருக்குப் பட்டது. இதை அவர் ஒளித்ததில்லை.

அவருக்கு இது முதல் தடவையும் அல்ல. 1955இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் அரசு மருத்துவமனையில் சேர்ந்து ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர், வெளியே வந்ததும் நியூயார்க் மேடைக்கு ஓடவில்லை. சிகாகோவில் ஒதுங்கி இருந்துவிட்டு, அந்த வருஷக் கடைசியில்தான் கிளிஃபர்ட் பிரவுன் – மேக்ஸ் ரோச் குழுவில் சேர்ந்தார். அந்த ஒதுங்கலில் இருந்து வந்த அடுத்த வருஷம்தான் 'கொலாசஸ்'. அப்போது யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. பாலம் போல ஒரு படம் கிடைக்கவில்லையே.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் பலமான உருவிலேயே எடுத்துக்கொள்கிறேன். அவர் இல்லாத அந்த இரண்டு வருஷம் சாதாரண இரண்டு வருஷம் இல்லை. 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. அந்த நவம்பரில் ஆர்னெட் ஃபைவ் ஸ்பாட் கிளப்புக்கு வந்து நியூயார்க்கையே இரண்டாகப் பிளந்தார். 1960இல் கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்', அடுத்த வருஷம் 'மை ஃபேவரிட் திங்ஸ்', ஆர்னெட்டின் 'ஃப்ரீ ஜாஸ்'. ஊரே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் திரும்பி வந்து 'விதவுட் எ ஸாங்' வாசிக்கிறார். 1929இல் வின்சென்ட் யூமன்ஸ் மெட்டமைத்த பாட்டு. அதே வருஷத்துக் கோல் போர்ட்டர் பாட்டு ஒன்று, 1937 பாட்டு ஒன்று, பில்லி ஹாலிடேயின் பாட்டு ஒன்று. ஆறில் நான்கு பழசு. ஊர் மாறியது தெரியாமல் வந்து நிற்கிறார் என்றோ, தெரிந்து பயந்துவிட்டார் என்றோ யாருக்கும் தோன்றும்.

தோன்றலாம். தேதியைப் பார்த்தால் தோன்றாது.

பயந்து ஓடினார் என்பது முதலில் விழுகிறது. ரோலின்ஸ் ஒதுங்கியது கோடையில், ஆர்னெட் ஃபைவ் ஸ்பாட்டில் ஏறியது நவம்பரில். வராத வெள்ளத்துக்குப் பயந்து யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. தெரியாமல் வந்தார் என்பதும் நிற்காது. 1957இல் மேற்குக் கரைக்குப் போனபோதே ஆர்னெட்டோடு கடற்கரையில் நின்று சேர்ந்து வாசித்துப் பழகியவர் ரோலின்ஸ். நியூயார்க் விமர்சகர்களுக்கு ஆர்னெட் என்ற பெயர் தெரியும் முன்பே இவருக்கு அந்த வாசிப்பு தெரியும்.

எல்லாவற்றையும்விட 1962 ஜூலையைப் பார்க்க வேண்டும். 'தி பிரிட்ஜ்' பதிவாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ரோலின்ஸ் ஆர்னெட்டின் குழுவில் வாசித்த டான் செர்ரியையும் பில்லி ஹிக்கின்ஸையும் சேர்த்துக்கொண்டு வில்லேஜ் கேட்டில் கச்சேரி செய்தார். அது 'அவர் மேன் இன் ஜாஸ்' என்ற ஆல்பமாக வந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு: தன்னுடைய பழைய 'ஒலியோ', இருபத்தைந்து நிமிஷத்துக்கு. மெட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே தொலைகிறது என்று கேட்பவர் தடுமாறுகிற வாசிப்பு. புதுப் பாதை இவருக்கு எட்டாமல் இல்லை; கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வேண்டிய மாதத்தில் எடுத்துக்கொண்டார். அப்படியானால் பிப்ரவரியில் அதை எடுக்காததும் அவருடைய முடிவுதான். முடிவு என்று ஒப்புக்கொண்டால் 'தி பிரிட்ஜ்'ஜைக் கேட்டே ஆக வேண்டும். அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான் 'பின்தங்கிவிட்டார்' என்ற சொல் உதவுகிறது.

ஜாஸ் வரலாற்றை ஓட்டப் பந்தயமாக எழுதுகிற பழக்கத்தின் கோளாறு இது. இந்தப் பந்தயத்தில் கோல்ட்ரேனை முன்னால் ஓடவிட்டு ரோலின்ஸைப் பின்னால் நிறுத்துகிறவர்கள், அதே 1962இல் கோல்ட்ரேன் தன் குழுவோடு பழைய காதல் பாட்டுகளாக எடுத்து வாசித்த 'பாலட்ஸ்'ஸையும், டியூக் எலிங்டனோடு அவர் செய்த ஆல்பத்தையும் மூச்சுவாங்க உட்கார்ந்த இடம் என்று மன்னித்துவிடுகிறார்கள். கோல்ட்ரேன் பழைய பாட்டு வாசித்தால் ஓய்வு, ரோலின்ஸ் வாசித்தால் தோல்வி. என்ன நியாயம் இது?

சரி, ஆல்பத்துக்குள் போவோம். ஜனவரி 30, பிப்ரவரி 13, 14 என்று மூன்று நாளில் நியூயார்க்கில் ஆர்சிஏ விக்டரின் பி ஸ்டூடியோவில் பதிவானது. ஜார்ஜ் அவாக்கியன் தயாரிப்பாளர். நான்கு பேர்: ரோலின்ஸ், பேஸில் பாப் கிரான்ஷா, டிரம்ஸில் பென் ரைலி ('காட் பிளெஸ் தி சைல்ட்' ஒன்றில் மட்டும் எச்.டி. சாண்டர்ஸ்), கிட்டாரில் ஜிம் ஹால். புதிதாக ஒன்றுமில்லை என்கிறவர்கள் இந்த நாலாவது பெயரைக் கவனிக்க வேண்டும்.

ஹாலுக்கு முன்பு ரோலின்ஸ் இரண்டு விதமாக வாசித்திருந்தார். ஒன்று, பியானோவோடு. பியானோக்காரர் பத்து விரலையும் விரித்து இதுதான் தரை, இதுதான் சுவர் என்று கட்டிக்கொடுத்துவிடுவார். அந்த வீட்டுக்குள்தான் நடமாட வேண்டும். இன்னொன்று, 1957இல் செய்த மாதிரி பியானோவே இல்லாமல். அதில் சுதந்திரம் உண்டு, பேச்சுத்துணை கிடையாது. பேஸும் டிரம்ஸும் தாளத்தைக் காப்பாற்றும், ஆனால் சொன்ன வாக்கியத்துக்கு எதிர்வாக்கியம் சொல்ல ஆளில்லை. 'தி பிரிட்ஜ்'ஜில் மூன்றாவது வழி கிடைத்தது. சிக்கோ ஹாமில்டன் குழுவிலும், ஜிம்மி ஜுஃப்ரியின் டிரம்ஸ் இல்லாத மூவர் குழுவிலும் வாசித்து வந்தவர் ஹால். சும்மா இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்ட கிட்டார்காரர். 'விதவுட் எ ஸாங்'கில் ரோலின்ஸ் ஒரு வரியைச் சொல்லி நிறுத்துகிற இடங்களைக் கவனியுங்கள். ஹால் உடனே புகுந்து இட்டு நிரப்புவதில்லை. இரண்டு சுரம், சில சமயம் மூன்று. அடுத்த தடவை ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் கிரான்ஷாவின் பேஸ் நடந்துபோவது காதில் விழுகிறது. ரோலின்ஸ் திரும்ப வாய் திறக்கும்போது, ஹால் விட்டுவைத்த இடத்திலிருந்தே எடுக்கிறார்.

ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டில் இது வேறு மாதிரி. அசுர வேகம். மெட்டே துண்டு துண்டாக வெட்டி நின்று பாய்கிற மெட்டு. சாக்சபோனும் கிட்டாரும் சேர்ந்து அதில் குதிக்கின்றன. இரண்டும் ஒரே கனம் உள்ள வாத்தியங்கள் இல்லை. டெனர் கத்தினால் ஹாலின் மெல்லிய கிட்டார் காணாமல் போக வேண்டும். போகவில்லை, ஏனென்றால் ரோலின்ஸ் அந்த வேகத்திலும் சத்தத்தை அளந்து வைக்கிறார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக உருண்டு வருகிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. இதற்குப் பெயர்தான் சாதகம். அதன் கணக்கு இங்கே எழுதியிருக்கிறது, கண்ணில் படவில்லை என்றால் தேடியவர்கள் தேடியது வேறு இடத்தில். (ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எனக்கு இந்தப் பாட்டைவிட 'ஜான் எஸ்.' பிடிக்கும். ரோலின்ஸே எழுதிய இரண்டில் இன்னொன்று அது. தடுக்கித் தடுக்கித் தொடங்கி, சட்டென்று சமதரையில் ஓடத் தொடங்குகிற பாட்டு.)

வேகம் யாரையும் ஏமாற்றும். சாதகத்தைச் சோதிக்க மெதுவான பாட்டுதான் சரி. 'வேர் ஆர் யூ'வையும் 'காட் பிளெஸ் தி சைல்ட்'டையும் கேட்கும்போது சுரம் தொடங்குகிற இடத்தை விட்டுவிட்டு, முடிகிற இடத்தில் காதை வையுங்கள். நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும்போது மூச்சு குறைந்தால் சுருதி கீழே சரியும். அதை மறைக்கப் பலர் சுரத்தின் வாலை ஆட்டிவிடுவார்கள், கேட்பவர்கள் அதை உருக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். ரோலின்ஸிடம் அந்த வித்தை இல்லை. கீழ்ஸ்தாயியில், சாக்சபோன் இயல்பாகவே உறுமுகிற இடத்தில், சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், சுருதி விலகாமல், வைத்த இடத்தில் வைத்தபடி முடிக்கிறார். எதிரொலி தர ஒரு சுவரும் இல்லாத பாலத்தின் மேல் வருஷக்கணக்காக ஊதியவருக்கு, ஊதியது திரும்பி வந்து தைரியம் சொல்லாது. தன் சுரத்தைத் தன் மூச்சிலேயே முழுசாக்க வேண்டும். அந்த முழுமை இந்த இரண்டு பாட்டிலும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 'கொலாசஸ்'ஸின் ரோலின்ஸ் இவரைவிட வேடிக்கையானவர், துடுக்கானவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1956இல் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு குறைவாகச் சொல்ல அவருக்குப் பொறுமை இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

'காட் பிளெஸ் தி சைல்ட்' எடுத்ததிலும் பழசைத் திரும்பப் போடுகிற சோம்பல் இல்லை. பில்லி ஹாலிடே செத்தது 1959 ஜூலையில், இவர் மேடையை விட்ட அதே கோடையில். திரும்பி வந்து முதல் ஆல்பத்திலேயே அந்தப் பாட்டை எடுக்கிறார். மெட்டைப் பிய்த்து மனோதர்மம் காட்ட எத்தனையோ வழி தெரிந்தவர் மெட்டைப் பெரும்பாலும் விட்டே வைக்கிறார். கன்தர் ஷுல்லர் 1958இல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார்; ஒரு சிறு துண்டை எடுத்து அதையே வளர்த்து வளர்த்து ரோலின்ஸ் தன் வாசிப்பைக் கட்டுகிறார் என்று 'கொலாசஸ்'ஸில் உள்ள 'புளூ 7'ஐ வைத்து நிறுவினார். புகழ்ச்சிதான். ஆனால் தான் யோசிக்காமல் செய்ததை இன்னொருவர் விளக்கியதும் ரோலின்ஸுக்குக் கை உதறியது. இனி தன்னைப் பற்றிய விமர்சனங்களைப் படிப்பதில்லை என்று சொல்லுமளவுக்குப் போனார். 'தி பிரிட்ஜ்'ஜின் மெதுவான பாட்டுகளில் அந்த வளர்க்கிற வித்தையைக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் வாசிக்கிறார். அதையும் விமர்சகர்கள் குறையாகவே எழுதினார்கள். புதிது இல்லை என்றார்கள். பழைய வித்தையும் குறைந்துவிட்டது என்றார்கள்.

ஹாலைப் பற்றி இன்னொன்று. 'ஃப்ரீடம் சூட்'டின் பின்னட்டையில் கறுப்பு மக்களை அமெரிக்கா நடத்தும் விதத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதியவர் ரோலின்ஸ். அவர் திரும்பி வந்தபோது ஒரு வெள்ளைக்காரரைக் குழுவில் சேர்த்தது சொந்த ஆட்களிடமே கசப்பை உண்டாக்கியது. அதைத் தெரிந்தேதான் சேர்த்தார், காதில் விழுந்ததை வைத்து. பாதுகாப்பாக வாசித்துவிட்டுப் போக நினைக்கிறவர் செய்கிற காரியமா அது?

கடைசியாகப் பணம். ஆர்சிஏ கொடுத்த ஒப்பந்தம் 90,000 டாலர் என்று அன்று பேசிக்கொண்டார்கள். பெரிய கம்பெனி, பெரிய தொகை. அதனால் கடைக்கு ஏற்ற சரக்கு என்பது சந்தேகம். கம்பெனிக்குப் பாலத்தின் கதை லாபம் தந்தது உண்மை. ஆல்பத்துக்கு அந்தப் பெயர் கிடைத்ததில் அதற்குப் பங்கு இல்லாமல் இருக்காது. ஆனால் கடைச்சரக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதே வருஷம் அதே கம்பெனிக்கு அவர் செய்த 'வாட்ஸ் நியூ?'வைக் கேட்கலாம், போசா நோவா அலை அடித்த நேரத்தில் வந்த ஆல்பம். அதைக் கேட்டுவிட்டு 'தி பிரிட்ஜ்'ஜுக்குத் திரும்பினால், பியானோ இல்லாமல், முகப்புச் சத்தம் இல்லாமல், இடைவெளியை நம்பி ஓடுகிற இந்த நாற்பது நிமிஷம் எந்தக் கடைக்காரரும் ஆர்டர் கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை என்பது தெரியும்.

ஆல்பத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கோல் போர்ட்டர் பாட்டு சுகமாக இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. அதை எடுத்துவிட்டாலும் ஆல்பம் இளைக்காது. ரைலியின் டிரம்ஸ் சில இடங்களில் மரியாதையாக ஒதுங்கிப் போகிறது. மேக்ஸ் ரோச் இருந்திருந்தால் மல்லுக்கு நின்றிருப்பார். இப்படிப்பட்ட குறைகளைச் சொல்லி யாராவது இந்த ஆல்பத்தை ஒரு படி இறக்கினால் உட்கார்ந்து பேசலாம். பாலத்திலிருந்து இறங்கியவர் புது வேதம் கொண்டுவரவில்லை என்று இறக்குகிறவர்களிடம் பேச எதுவும் இல்லை.

ரோலின்ஸ் இவர்களுக்காகத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 1960களின் கடைசியில் மறுபடி மேடையை விட்டார். இந்தியாவுக்கு வந்து பம்பாய் பவாயில் ஓர் ஆசிரமத்தில் சில மாதம் தங்கினார். இந்தத் தடவை பாலத்தைவிடப் பெரிய கதை கையில் இருந்தது: கீழ்த்திசை, வேதாந்தம், தனிமை. 1972இல் மறுபடியும் ஸ்டூடியோவுக்குள் வந்தபோது அதில் எதையும் அட்டையில் போடவில்லை. அந்த ஆல்பத்தின் பெயர் 'சோனி ரோலின்ஸின் அடுத்த ஆல்பம்'.